கனவளவு

இந்த வருஷத்திலிருந்து தரம் எட்டுக்குக்
கணிதம் ஆங்கிலத்தில்.
வலயத்திலிருந்து கடிதம் வந்தது, தமிழில்.

முப்பத்தொரு பேரில் ஒன்பது பேரை
நூலகத்துக்குக் கூட்டிவந்தேன்.
நூலகம் என்றால் இரண்டு அலுமாரி.
கரும்பலகை இல்லை.
அலுமாரிக் கதவில் எழுதுகிறேன், சோக் பிடிக்கிறது.

எனக்கு வாய்ப்பாடு தமிழில்தான் ஓடும்.
ஏழெட்டு ஐம்பத்தாறு என்று உள்ளே சொல்லி
ஃபிஃப்டி சிக்ஸ் என்று வெளியே விடுவேன்.
நடுவில் ஒரு மூச்சளவு தாமதம்.
பிள்ளைகளுக்கு அது தெரியும்.
தெரிந்தும் காத்திருப்பார்கள்,
மாங்குளத்துக் கடவையில்
ரயில் போகட்டும் என்று நிற்கிற சைக்கிள்கள் மாதிரி.

"பாடம் உங்கட, பாஷை என்ர" என்பார்
ஆங்கிலத்துக்கு வரும் அருள்நேசன் சேர்.
விடைத்தாளில்தான் அந்த எல்லை கிடைப்பதில்லை.
டினுஜா எழுதியிருந்தாள்:
ட்ரையாங்கிள் ஹாவ் த்ரீ மூலை.
மூன்று சரி. மூலையும் சரி.
சிவப்புப் பேனை தாளுக்கு மேலே நின்று
நிழலை மட்டும் விழுத்தியது.

இன்றைக்குப் பாடம் பதினொன்று.
ஃபைன்ட் த வொல்யூம் ஒஃப் த டாங்க்.

கனவளவு என்று தமிழில் எழுதிய நாளில்
"கனவுக்கும் அளவிருக்கா மிஸ்" என்று கேட்டவன் லக்சிதன்.
இன்றைக்கும் அவன்தான் எழுந்தான்.
"வொல்யூம் எண்டால் சத்தம்தானே?
போனில கூட்டிக் குறைக்கிறது.
டாங்குக்கு என்ன சத்தம் மிஸ்?"

எட்டுப் பேரும் சிரித்தார்கள்.
நான் சிரிக்கப் பிந்தினேன்.
இது வாய்ப்பாட்டுத் தாமதம் இல்லை.

அவனுக்கு டாங்க் என்றால்
வீட்டுக்குப் பின்னால் தூணில் இருக்கிற
கறுப்புப் பிளாஸ்ரிக், ஆயிரம் லீற்றர்,
தந்தவர்களின் பெயர் வெயிலில் உரிந்தது.
டினுஜாவுக்கு டாங்க் என்றால் குளம்.
ஆங்கிலப் புவியியலில்
எங்கள் முத்தையன்கட்டுக்கு அதுதான் பெயர்.
எனக்கு,
அவர்களின் வயதில்,
அது மண்ணுக்குள்ளால் வரும்.
காதுக்கு முதல் உள்ளங்காலுக்குக் கேட்கும்.
ஆங்கிலம் தெரியாமலே பாடமாக்கிய சொல்.
நீளம் அகலம் உயரம் ஒன்றும் அளக்கவில்லை நாங்கள்.
தூரம் மட்டும்.

லென்த், ப்ரெத், ஹைட் என்று
அலுமாரிக் கதவில் எழுதினேன்.
ஹைட்டில் பிழை.
டினுஜா வந்து இரண்டு எழுத்தை இடம் மாற்றிவிட்டுப் போனாள்.

லக்சிதன் விடுகிற ஆள் இல்லை.
இடைவேளைக்கு எல்லோரும் கழிப்பறைக்குப் பின்னால்,
பழைய சதுரத் தகரத் தாங்கிக்கு முன்னால்.
கீழே தட்டினான்: சத்தம் அமுங்கியது.
மேலே தட்டினான்: முழங்கியது.
"ஹியர் வாட்டர், ஸ்மோல் வொல்யூம்.
ஹியர் நோ வாட்டர், பிக் வொல்யூம்."
குரல் மாறுகிற இடத்தில் சோக்கால் கோடு.
கோட்டுக்குக் கீழே அறுபது சென்ரிமீற்றர்.
நீளம் இரண்டு மீற்றர், அகலம் ஒன்று.
ஆயிரத்து இருநூறு லீற்றர் என்று
என்னை விட முதல் சொன்னவள் பவிசனா,
ஆங்கிலத்தில்,
இடையில் மூச்சு விடாமல்.

மூடியைத் திறந்து பார்த்தால் போதாதா என்று
சிற்றூழியர் கத்தினார்.
ஏணி எங்கே என்று கேட்டோம்.
அது போன வருஷமே அதிபர் வீட்டில்.

கணிதத்துக்கு முழுப்புள்ளி.
விஞ்ஞானம் என் பாடம் இல்லை.
ஆங்கிலத்துக்கு அருள்நேசன் சேர்
எத்தனை வட்டம் போடுவாரோ தெரியாது.

"காதை வைச்சுப் பாருங்கோ மிஸ்."
வைத்தேன். தட்டினான்.
தகரம் சூடாயிருந்தது.
செருப்பைக் கழற்றி நின்றேன், ஏன் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
உள்ளங்காலுக்கு ஒன்றும் வரவில்லை.
ஈர மண் மட்டும்.

மணி அடித்துவிட்டது.
ஆறாம் தரம் வாளிகளோடு வந்து
தண்ணீர் பிடிக்கிறது.
கோடு போட்ட இடத்திலேயே நிற்கிறது.
விடை இறங்கிக்கொண்டிருக்கிறது.