நான்கு விரற்கடை

ஏலத்தில் என்னோடு போட்டிக்கு யாருமில்லை.
வண்டிக்குள் ஏழு கோழிகள் குடியிருந்தன.
கோழி கணக்கில் சேராது என்றான் லாக்லன்,
ஒவ்வொன்றாய்ச் சிறகு பிடித்து இறக்கினான்.
ஒரு முட்டை மட்டும்
ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் தங்கிவிட்டது.
மூன்றாம் வாரம்
தான் இருப்பதை அது வீதிக்கே தெரிவித்தது.

ஸ்டான்லியில்
லேண்ட்ரோவர் நிற்காத முற்றம் குறைவு.
ஒன்று ஓடும். பக்கத்தில் இன்னொன்று
அதற்கு உறுப்புதானம் செய்துகொண்டிருக்கும்.
என்னுடையது
எந்தப் பக்கம் சேர்வதென்று முடிவெடுக்காதது.

அலுமினியத் தோல் துருப்பிடிக்காது.
அதை நம்பித்தான் வாங்கினேன்.
அடியில் மல்லாந்து படுத்து
சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன்.
டிங். டிங். டிங்.
பிறகு ஒரு தொப்.
திருப்புளியை வைத்தேன், அழுத்தக்கூட இல்லை,
நனைந்த பிஸ்கட்டில் இறங்குவதுபோல்
சட்டத்துக்குள் பிடிவரை போயிற்று.
முகத்தில் கொட்டின
துரு, கரிச்சேற்றுத் தூள், ஆட்டு மயிர்,
ஐம்பது வருஷக் காற்று கொண்டுவந்து அடைத்த உப்பு.
எனக்கும் அந்த வண்டிக்கும் ஒரே வயது.
எழுந்து உட்கார்ந்து
என் முழங்காலை ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.

யஸ்னாவைக் கூப்பிட்டேன்.
புன்டா அரேனாஸில் கப்பல்களின் வயிற்றைப் பற்றவைத்தவள்
இங்கே பள்ளிக்கூடத்தில் சமைக்கிறாள்.
முகமூடியை இறக்குமுன்
ஸ்பானிய மொழியில் ஏதோ முணுமுணுப்பாள்.
ஜெபம் என்று நினைத்திருந்தேன்.
வசவு.

கதவில் ஒரு துளை.
போரில் பட்ட குண்டா என்று
வருகிறவர்கள் விரல்விட்டுப் பார்ப்பார்கள், குரலைத் தாழ்த்தி.
வேலிக் கம்பு என்கிறான் லாக்லன்.
குடித்திருந்தேன், பின்னால் எடுத்தேன், அவ்வளவுதான்.
அடைக்காமல் விட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு மரையாணிக்குப் பதினொரு நாள்.
எண்ணெய், நெருப்பு, தேநீர், மறுபடி எண்ணெய்.
பன்னிரண்டாம் நாள் அது அசைந்தபோது
உடைந்துவிட்டதென்று எண்ணி
அழப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிச் சலவையறையில் எனக்கு வேலை.
பிரசவ அறையிலிருந்து ஒரு விரிப்பு திரும்பி வந்தது,
மூலையில் கறுப்பாய்
என் பெருவிரலின் முழு ரேகை.
கையுறை போடு, மாவிஸ்.
இரண்டுமுறை கொதிக்கவைத்தேன். போகவில்லை.
மடித்து அடியில் வைத்துவிட்டேன்.

மூன்றாவது ஜூன்.
வெளியே பனி கிடைமட்டமாய்ப் பெய்கிறது.
மஞ்சள் குமிழ் நான்கு சக்கரத்துக்கும்,
சிவப்புக் குமிழ் சேற்றுக்கும்.
முன்பக்கத் துளையில் இரும்புக் கைப்பிடியைச் செருகி
யஸ்னா ஒரு சுற்று, நான் ஒரு சுற்று,
அவள் ஒரு சுற்று,
தும்மியது.
இருமியது.
பிறகு நிறுத்தச் சொன்னாலும் நிற்காத மாதிரி
பேசத் தொடங்கியது.

பின்பக்கமாய் எடுத்தேன்.
மேலே டக்.

வந்த அன்று
ஸ்பிரிங் முறிந்து, டயரில் காற்றில்லாமல்,
முட்டிபோட்டு உள்ளே நுழைந்த வண்டி.
நாங்கள் அதை நிமிர்த்திவிட்டோம்.
வாசலின் உத்தரத்துக்கு மேலே
நான்கு விரற்கடை நிற்கிறது கூரை.
புது ஸ்பிரிங் போட்டபோது கைதட்டினோம்.
புது டயர் போட்டபோது சுற்றிவந்து பார்த்தோம்.
வாசலை அளக்க
இருவருக்கும் தோன்றவில்லை.

யஸ்னா உத்தரத்தைப் பார்த்தாள்.
அறுக்கும் கருவியைப் பார்த்தாள்.
வாடகை வீடு என்றேன்.

ஆளுக்கு இரண்டு சக்கரம்.
குந்தி உட்கார்ந்து
வால்வுக்குள் தீக்குச்சியை வைத்து அழுத்தினோம்.
கொட்டகை முழுக்க ரப்பர் மூச்சு.
மெல்ல, மிக மெல்ல,
சபையில் வயதானவர்கள் உட்காருவதுபோல்
இறங்கியது.
உத்தரத்தில் கொஞ்சம் பச்சைப் பெயின்ட்டைக் கொடுத்துவிட்டு
வெளியே வந்துவிட்டோம்.

காற்று என் தொப்பியைத் துறைமுகத்துக்கு அனுப்பியது.
எஞ்சினை அணைக்க மனமில்லை.
கால் பம்பை மிதித்தபடி
தன் மொழியில் எண்ணுகிறாள் யஸ்னா.
இருநூறு தாண்டி எங்கோ தவறவிட்டு
ஒன்றிலிருந்து தொடங்குகிறாள்.
திரும்ப உள்ளே எப்படி விடுவாய் என்று
அவள் கேட்கவில்லை.
நான் அடுத்த சக்கரத்தின் மூடியைத் தேடுகிறேன்,
பனியில், கையுறை இல்லாமல்.