கீறினவர் யார்

பூர்க்டோர்ஃப் கட்டடக்கலைப் பள்ளியின் படிவம்
ஒரு பக்கத்தை வெறுமையாய் விட்டுக் கேட்கிறது:
ஏன் இந்தத் துறை?

முதலில் பொய் எழுதினேன்.
ஒரு பெரிய தேவாலயம், வண்ணக் கண்ணாடி வெளிச்சம்,
எனக்கு அப்போது ஏழு வயது, இப்படி.
அழித்தேன். அங்கே நான் போனதே
ஒரு பள்ளிச் சுற்றுலாவில், மூத்திரம் முட்டி.

உண்மை பீல் நகரில், மாட்ரெட்ச் பக்கம்,
மூன்றாம் மாடியில் இருக்கிறது.
குசினிக் கதவைத் திறந்தால் குளிர்ப்பெட்டியில் இடிக்கும்.
ஒருவர் சோறு வடித்தால்
மற்றவர் வயிற்றை எக்கித்தான் கடக்க வேண்டும்.
"எந்த மடையன் கீறினவன் இதை?"
ஒவ்வொரு நாளும் அதே தொனியில் அம்மா,
வெளியே மழை என்று சொல்வதுபோல.
எனக்கு அது செய்தி:
ஓ, இதை ஒருவர் கீறியிருக்கிறார்.
மழைபோலத் தானாய் வந்ததில்லை வீடு.

அப்பாவுக்கு வெதுப்பகத்தில் இரவு வேலை.
பகல் நித்திரை. கிழக்கு யன்னல்.
தலைமாட்டில் தம்பியின் கார் பந்தயம்.
பதினொரு வயதில் தையல் நாடாவால் அறையை அளந்து
கணிதக் கொப்பியின் சதுரங்களில் கீறினேன்.
அலுமாரியை நாற்பது சென்ரிமீற்றர் நகர்த்தி
முதுகை யன்னலுக்குக் காட்டினால்
ஒரு சுவர் கிடைக்கும்.
அலுமாரியின் கால்களுக்குப் பழைய காலுறை மாட்டி
நானும் தம்பியும் தள்ளினோம்.
அன்று அப்பா இரண்டு மணிவரை எழும்பவில்லை.
மூச்சு வருகிறதா என்று
அம்மா இரண்டு தரம் போய்ப் பார்த்தார்.

பதினாறில் ஏஷ்லிமான் அலுவலகத்தில் வரைஞர் பயிற்சி.
முதல் வருடம் முழுக்க மழைநீர்க் குழாய், கழிவறை ஓடு.
படி ஒன்றுக்குப் பதினேழரை உயரம் என்று
கனவிலும் ஏறினேன்.
"டொக்டருக்கு இல்லை, வீடு கீறப் படிக்கிறாள்"
என்றார் அம்மா தொலைபேசியில்.
மறுமுனை கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு
கனடாக் குளிரைப் பற்றிக் கதைத்தது.

மூன்றாம் வருடம்
லீஸில் நான் கீறிய வீடுகள் எழும்பின.
ஆட்கள் குடிவந்து ஆறு மாதத்தில் குறை பார்க்கப் போனோம்.
இரண்டாம் மாடியில் எரித்திரியப் பெண் ஒருவர்
கோப்பி வேண்டுமா என்று கேட்டார்.
அவருடைய குசினிக் கதவின் கைபிடியில்
ஒரு காலுறை கட்டியிருந்தது,
குளிர்ப்பெட்டியில் கீறல் விழாமல்.
குறை ஒன்றும் இல்லை என்று கையெழுத்து வைத்தார்.
நான்தான் முழந்தாளிட்டு அளந்தேன்.
நான்கு சென்ரிமீற்றர்.
வரைபடத்தின் கீழ்மூலையில்
என் முதலெழுத்துகள்.

ஏஷ்லிமான் தோளைக் குலுக்கினார்: விதிக்குள்தான் இருக்கிறது.

இருக்கிறது.
கோப்பியை நின்றபடி குடித்தேன்,
வயிற்றை எக்கி.

படிவத்தில் இன்னும் அரைப் பக்கம் மீதம்.
அந்தக் காலுறையை எழுதுகிறேன், அதன் நிறத்தோடு.
பிறகு, அம்மா இத்தனை வருடம் கேட்டதற்கு விடையாக
என் முழுப்பெயர்.