பத்துக் கால்

காஃபுவே சமவெளியில் நீர்
எங்கே தொடங்குகிறதென்று சொல்ல முடியாது.
புல்லில்தான் நடந்துகொண்டிருக்கிறோம்,
எப்போதோ கணுக்கால் நனைந்திருக்கிறது.
முன்னால் போகிறான் ஹசிமுனா,
தலையில் என் கேமராவின் முக்காலி
தோளில் அவன் வலை.
"இரண்டில் ஒன்று இன்றைக்குப் பிடிக்கும்."

ஐந்தே முக்கால் மணி.
மரத்தோணியில் குப்புறக் கிடக்கிறேன்.
பயறு நிரப்பிய பைமேல் லென்ஸ்,
நேற்றைய மீன் வாடையின்மேல் என் தாடை.
நெடுங்கால் உள்ளான்கள் வருகின்றன
அத்தனை சிவப்பையும் யாரிடமோ
இரவல் வாங்கிய கால்களோடு.
விட்டுவிட்டேன்.
ஏற்கெனவே மூன்று நாட்காட்டிகளில் நிற்கின்றன.

கருங்கொக்கு ஒன்று
சிறகைக் குடையாய்க் கவிழ்த்துத்
தன் நிழலுக்குள் தலைவிட்டு மீன் தேடுகிறது.
நானும் கறுப்புத் துணிக்குள் தலைவிட்டு.
ஒரே தொழில்தான்.
அதற்குக் கூலி உடனுக்குடன்.

நான் வந்தது இலைக்கோழிக்கு.
ஆம்பல் இலைமேல் அதன் நடை
கடன் கொடுத்தவன் வாசலைக் கடப்பவன் நடை:
நீண்ட விரல்களை ஒவ்வொன்றாய்ப் பதித்து
இலை அமிழுமுன் அடுத்த இலை.
போன மாதம் முட்டைகளைக் காட்டினான் ஹசிமுனா.
நான்கு.
பேனா எழுதுகிறதா என்று பார்க்க
யாரோ கிறுக்கிய பழுப்பு.

பருந்தின் நிழல்
நீர்மேல் வந்தது,
வந்த வேகத்தில்
சேவல் பாதி உட்கார்ந்து சிறகைத் தூக்கியது.
பஞ்சுத் துணுக்குகள் நாலாபுறமிருந்தும் ஓடின.
எழுந்தபோது
அக்குள்களிலிருந்து தொங்கின கால்கள்,
வேர் பிடுங்கிய நாற்றுபோல்.
எண்ணினேன். அதனுடையதையும் சேர்த்துப் பத்து.
பத்துக் காலோடு அது
ஒன்றும் நடக்காததுபோல் நடந்துபோனது.
பதினான்கு முறை அழுத்தியிருக்கிறேன்.

பெட்டை?
அடுத்த குட்டையில், அடுத்த சேவலிடம்.
முட்டையிடுவதோடு சரி அதன் வேலை.
"நீயும் தனியாய்த்தானே
மூன்று பேரை வளர்க்கிறாய்" என்றேன்,
கவிதைபோல் ஏதோ கிடைத்துவிட்ட திமிரில்.
துடுப்புக் கழி நின்றது.
"என் மனைவி மசாபுகா கரும்பாலையில்
கணக்கு எழுதுகிறாள்.
வெள்ளி தவறாமல் பணம் வருகிறது.
உன் கோழி அனுப்புமா?"
கேமராவுக்குள் பார்த்தபடியே
மன்னிப்புக் கேட்டேன்.
கழி மறுபடி சேற்றில் இறங்கச் சற்று நேரமானது.

இரவில் எங்கோ மேலே
அணைக் கதவைத் திறந்திருக்க வேண்டும்.
காலையில் நீர் ஒரு சாண் உயர்ந்திருந்தது,
இலைகள் தண்டை எட்டி இழுத்தபடி.
முதலில் பார்த்தவன் அவன்தான்.
"எட்டு."
பிறகு, "உன் கண்ணாடி பெரியது, நீ எண்ணு."
எண்ணினேன்.
சிறகு விரியும்வரை காத்திருந்து
இறக்கிவிட்ட பின்னும் எண்ணினேன்,
இலைமேல் ஓடுபவை மூன்று.
சேவல் எண்ணியதாகத் தெரியவில்லை.
அல்லது எண்ணுவது எப்படியிருக்குமென்று
எனக்குத் தெரியவில்லை.

லுசாகாவில் அந்தப் படத்தைத் திருப்பிவிடுவார்கள்.
முகம் இல்லை, முதுகுதான்;
ஒரு பறவைக்கு இத்தனை கால் ஏன் என்று
வாங்குகிறவன் கேட்பான்.
ஹசிமுனா கேமராவைக் கேட்டு வாங்கினான்.
ஈரவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
நேற்றைய திரையைப் பெரிதாக்கி
ஒவ்வொரு காலாய்த் தொட்டுப் பார்த்துத்
திருப்பிக் கொடுத்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு வலையை இழுத்தான்.
தோணி ஒருபக்கம் சாய்ந்தது, நான் மறுபக்கம்.
வெள்ளி வெள்ளியாய்த் துடித்தவற்றை
ஒவ்வொன்றாய் அடித்தளத்தில் போட்டு
உரக்க எண்ணினான்
எனக்குத் தெரியாத ஈலா மொழியில்.
நகர்த்திக்கொண்டேன் என் பயறுப் பையை.