சுத்து

நாள்தோறும் எண்பது மீட்டர் ஏறுகிறவன் நான்.
இடுப்பில் பெல்ட், தோளில் ஸ்பேனர்ப் பை.
மேலேயிருந்து பார்த்தால்
பணகுடி ஒரு கையளவு ஓடு.

வியாழக்கிழமை மட்டும்
தரையில் கிடப்பேன்.
பாளையங்கோட்டை, டயர்க்கடை மாடி,
நீலப் பாயில் கன்னம் பதிய.
"இன்னும் கீழ வாங்க சார்,
அவன் கண்ணுக்கும் கீழ"
என்பார் ரிஃபாயா மிஸ்.

எபினுக்கு ரெண்டு வயது பத்து மாதம்.
அவன் கையில் சம்படத்து மூடி.
வீட்டில் நாங்கள் பிடுங்கிப் பிடுங்கி ஒளித்ததே
அதைத்தான்: மூடி, தட்டு, ஜெபாவின் வளையல்,
தலைகீழாய்க் கவிழ்த்த மூன்று சக்கர சைக்கிள்.
சுற்றுகிற எதையும் கண்ணில் காட்டாதீர்கள் என்று
வள்ளியூரில் வைத்து ஒருவர் சொன்னார்.
எங்கள் ஊரில்!
சன்னலைத் திறந்தால் நூறு காற்றாடி.

மிஸ் பிடுங்கவில்லை.
தானும் ஒரு மூடி எடுத்தார், சுற்றிவிட்டார்.
அவனுடையது தள்ளாடி விழும்போது
தானும் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து
தொம்மென்று விழுந்தார்.
மறுபடி. மறுபடி.
ஒரு மணி நேரத்தில் முப்பது தரம்.
இதற்கா ஐந்நூறு ரூபாய் என்று நினைத்தேன்.
நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் வாரம்
மூடியைத் தன் கன்னத்தருகே நிறுத்திக்கொண்டு
சும்மா இருந்தார்.
சும்மா என்றால் அப்படி ஒரு சும்மா.
கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் நின்று
மறுபடி தொடங்கியது.
அவன் மூடியைப் பார்த்தான்.
மூடியைப் பிடித்த விரலைப் பார்த்தான்.
விரல் ஒரு கையில் இருந்தது,
கை ஓர் ஆளிடம் இருந்தது.
அரை நொடி
ஆளைப் பார்த்தான்.
"சுத்து!" என்று சுற்றிவிட்டார் மிஸ்.
நோட்டில் ஒரு கூட்டல் குறி.

எனக்கும் வேலையில் ஒரு நோட்டு உண்டு:
காற்று வேகம், யூனிட், ஃபால்ட் கோடு.
எதைப் பார்த்தாலும் எண்ணைத் தேடுகிற புத்தி.
"இவனுக்கு என்ன கோடு மிஸ்?"
கேட்டேவிட்டேன் ஒருநாள்.
அவர் கொஞ்ச நேரம் மூடியைத் துடைத்தார்.
"நீங்க ஒரு தரம் விழுந்து காட்டுங்க சார்."

விழுந்தேன். எபின் திரும்பவில்லை.
சித்திரை முழுக்க அடுக்களையில்
விழுந்துகொண்டே இருந்தேன்.
ஜெபா சிரித்தாள்.
பிறகு ஒரு ராத்திரி
அவளும் பக்கத்தில் வந்து விழுந்தாள்.
"அம்மான்னு எப்பம் சொல்லுவான்?"
கூரையைப் பார்த்துத்தான் கேட்டாள்.
கூரையும் நானும் பேசவில்லை.

ஆடி வந்தது.
காற்று மாதத்தில் எங்களுக்கு லீவு இல்லை,
மேனேஜரிடம் கெஞ்சி வாங்கிய அரை நாள்.
திரும்பி வருகிறோம். நாங்குநேரி தாண்டியாயிற்று.
பஸ் சன்னல் கம்பியில் அவன் நெற்றி.
வள்ளியூருக்குத் தெற்கே வெளியெங்கும்
வெள்ளை வெள்ளையாய்ச் சுற்றுகின்றன,
நடுவில் ஒன்று மட்டும் நிற்கிறது.

எபின் கையை நீட்டினான்.
வேண்டியதற்கெல்லாம் என் கையைத்தான் எடுத்து நீட்டுவான்,
மாங்காய் பறிக்கிற கொக்கிக் கம்பு போல.
இது அவன் கை.
இது ஒற்றை விரல்.
நின்றதைச் சுட்டிவிட்டுத் திரும்பி
என் முகத்தைப் பார்த்தான்,
நானும் பார்க்கிறேனா என்று.

பாக்கேன்ல. பாக்கேன்.
அது நூத்திப் பதினேழு, கியர்பாக்ஸ் போச்சு,
நாளைக்கு நான்தான் ஏறணும்...
என்று நான் உளறி முடிப்பதற்குள்
அவன் சன்னலுக்குப் போய்விட்டான்.
அப்புறம் நீட்டவில்லை.

காத்திருந்தேன்,
மிஸ் மாதிரி, சும்மா,
கன்னத்தைக் கம்பியில் வைத்துக்கொண்டு.
"பணகுடி டிக்கெட் எறங்கலையா?" என்று
கண்டக்டர் ரெண்டாவது தரம் கத்துகிறவரை.