மூன்று மில்லி ஆம்பியர்

முசாஃபா சனையாவில் கரண்ட் போவதே இல்லை,
அப்புறம் எதுக்குடா டார்ச்சு
என்று எல்லாரும் கேட்டார்கள்.
எட்டுக் கட்டில், ஒரு குழல்விளக்கு.
பத்து மணிக்கு அணைத்தால் அணைத்ததுதான்.
நான் இரண்டாம் ஷிஃப்ட்,
அறைக்குள் நுழைய ஒன்றரை ஆகும்.
செல்போன் வெளிச்சமோ
தூங்குகிறவன் முகத்தில் அறைகிற வெள்ளை.

கழித்துப் போட்ட லேப்டாப் பேட்டரியை
ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பிளந்தேன்.
ஆறு செல். நாலு பிணம்.
ஒன்று இழுத்துக்கொண்டு கிடந்தது.
ஒன்றில் மட்டும் மூன்று புள்ளி எட்டு வோல்ட்,
யாரும் சொல்லாததால்
இன்னும் காவலுக்கு நின்றவன் மாதிரி.

உடம்புக்கு, குல்ஜமான் லேத்தில் மிஞ்சிய
அலுமினியத் துண்டு.
அவனுக்குத் தமிழ் வராது, எனக்குப் பஷ்தூ வராது.
உள்விட்டம் பத்தொன்பது என்று
தகரத்தில் சாக்பீஸால் எழுதிக் கொடுத்தேன்.
பதினெட்டரை போதும் என்று அவன் முடிவு.
செல் உள்ளே போனது, வர மாட்டேன் என்றது.
தட்டி எடுத்து, மறுபடி அரை மில்லி,
மறுபடி ஒரு கரக் டீ.

எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய எல்.இ.டி.
சீனத்திலிருந்து வந்து சேர இருபத்து மூன்று நாள்.
அதைச் செப்புத் தகட்டில் ஒட்ட
என்னிடம் இருந்த அடுப்பு இஸ்திரிப் பெட்டி.
இரண்டு செங்கல்லுக்கு நடுவே அதை மல்லாத்தி
காட்டனில் வைத்தேன்.
சாம்பல் நிற ஈயப்பசை
வேர்த்தது, மினுங்கியது,
ஒரு நொடியில் பாதரசமானது.
கோணலாய் நான் வைத்த எல்.இ.டி.
தானாகத் திரும்பி நேராகப் படுத்தது
தூக்கத்தில் ஒருவன் புரள்வதுபோல.
நான் ஊதக்கூட இல்லை.

கிரேனில் கழற்றிய ஓ-ரிங்,
மரையில் தேங்காய் எண்ணெய்,
வாலில் சுவிட்ச்.
கட்டிலில் உட்கார்ந்து அமுக்கினேன்.

தொள்ளாயிரம் லூமன்.
காய்ந்துகொண்டிருந்த பனியன்களின் ஓட்டைகள் எல்லாம்
கூரையில் தெரிந்தன.
ஏழு பேரும் ஏழு மொழியில் என் அம்மாவை விசாரித்தார்கள்.
கீழ்க்கட்டில் இருளப்பன் மட்டும்
(சிரிக்காதீர்கள், கமுதிப் பக்கம்
வீட்டுக்கு ஒருத்தருக்கு அந்தப் பேர்)
விடிஞ்சிருச்சா என்றான்.
யாரும் பதில் சொல்லுமுன்
வாளியோடு குளியலறைக்கு ஓடினான்.
வரிசையே இல்லை.
ஆறு வருஷத்தில் முதல் முறையாக முதல் ஆள்.
அந்தச் சந்தோஷத்தில் சோப்புப் போட்டே குளித்துவிட்டு
ஈரத் தலையோடு வந்து மணி கேட்டான்.
ஒன்று ஐம்பது.

மறுநாள் ரெசிஸ்டரை மாற்றினேன்.
அதற்கடுத்த நாளும்.
கடைக்காரர் எவ்வளவு தூரம் அடிக்கணும் என்றார்.
ஒரு முழம் என்றேன்.
மூன்று மில்லி ஆம்பியரில் வந்து நின்றது.
உள்ளங்கையில் பிடித்தால் ரேகை தெரியும்,
எதிர்ச் சுவருக்குச் சேதி போகாது.
எந்தச் செருப்பு இடது, சாப்பாட்டு டப்பா எங்கே,
அவ்வளவுதான்.
மஞ்சள் கலந்த, பேசத் தயங்குகிற வெளிச்சம்.

மூன்று வாரம் யாரும் எழவில்லை.
பிறகொரு ராத்திரி, விழுந்த சாவியைத் தேடும்போது
அது இருளப்பன் முகத்தைத் தொட்டுவிட்டுப் போனது.
கண் திறந்திருந்தது.
இப்போது விழித்த கண் இல்லை அது.
விரலால் மூடினேன், விரல் சிவப்பாய் எரிந்தது.
கொஞ்சம் தாமதமாக அவன் கண்ணை மூடினான்.
நானும் சாவி கிடைத்துவிட்டதுபோல
நிமிர்ந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை துணி காயப்போடும்போது
எனக்கும் ஒண்ணு செஞ்சு தா என்றான்.
இதே மாதிரியா?
இல்ல, இதுல பாதி எரிஞ்சா போதும்.

எதற்கென்று கேட்கவில்லை.
இழுத்துக்கொண்டு கிடந்ததே ஒரு செல்,
அதைச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.
தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்,
இதுவரை சூடேறவில்லை.