ஆகவே

பிராது இரண்டு பக்கம். சாரம் மூன்று வரி:
மடையைத் திறந்தவன் காலில் சேறு இருக்கும்.
மாசானம் காலில் சேறு இருந்தது.
ஆகவே மாசானம்தான்.

வீரவநல்லூர்க் கடையில் டீ ஆறும்வரை
அந்த ‘ஆகவே’யைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
என்ன தெம்பு அந்தச் சொல்லுக்கு!
இரண்டு வரி முன்னால் நடந்தால் போதும்,
கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் வரும்,
கிணற்றுக்குள்ளும் வரும்.

பிசான நடவு முடிந்த வாரம்.
கன்னடியன் காலின் இரு கரையிலும்
சேறு படாத கால் ஒன்று உண்டென்றால்
அது தபால்பெட்டியின் கால்.
பிராது கொடுத்த நாறும்பூவுக்கே
பெருவிரல் நகத்தில் இன்னும் காயவில்லை,
கையெழுத்துப் போடக் குனிந்தபோது பார்த்தேன்.
திறந்தவன் எல்லாம் சேற்றுக்காலன்; இருக்கட்டும்.
சேற்றுக்காலன் எல்லாம் திறந்தவனா?
வாழையெல்லாம் பச்சை.
பச்சையெல்லாம் வாழை என்றால்
வாய்க்கால் பாசியில் தார் வெட்டலாம்.

உடைக்க ஒரு டீ போதுமாயிருந்தது.
கட்டுவதுதான் பாடு.

அம்பாசமுத்திரம் பஸ்ஸில்
சம்மன் காகிதத்தின் முதுகில் எழுதினேன்:
பூட்டுத் திறக்காமல் மடைப்பலகை ஏறாது.
பூட்டுச் சாவியில்லாமல் திறக்காது.
சாவி, லஸ்கர் தேவசகாயத்திடம் மட்டும்.
ஆகவே மாசானம் இல்லை.
தட்டிப் பார்த்தேன், வெண்கலம்.
எந்த முனையில் தள்ளியும் சாயவில்லை.
மாஜிஸ்திரேட் மேசையில் வைத்தால்
நான் போய்விட்டாலும் தானே நிற்கும்.
அன்றிரவு நல்ல தூக்கம்.

வியாழன் வாய்தா.
புதன் சாயங்காலம், ஏனோ,
பூட்டைப் பார்க்கப் போனேன்.
எழுதியதோடு சரி,
இரண்டாம் வரியை நான் நேரில் கண்டதில்லை.

பெரிய பூட்டு.
சர்க்கார் முத்திரை. அதன்மேல்
முத்திரையைவிடத் தடிப்பாகத் துரு.
“சும்மா தொடாதிய” என்று மாசானம் சொல்வதற்குள்
தொட்டுவிட்டேன்.
தொட்டு, லேசாக இழுத்தேன்.
கரையில் போட்ட கெண்டை மாதிரி வாயைப் பிளந்து
கையோடு வந்தது.

வாதத்தில் இப்போதும் பிழையில்லை.
வரப்பு நேர், வரி நேர்,
நேராக நடந்து
பொய்யில் போய் இறங்குகிறது.

திரும்ப மாட்டி வைத்துவிடலாம்.
நாறும்பூவின் வக்கீல்
செருப்பில் சேறு படும் ஆளில்லை.
மாட்டித்தான் வைத்தேன்.
ஆனால் காகிதத்தைக் கிழித்தேன்.

இனி எழுத முடிந்தது:
யார் இழுத்தாலும் திறக்கும்.
மாசானமும் ஒரு யார்.
ஆகவே,
ஆகவே ஒன்றுமில்லை.
மாசானம் இழுத்திருக்கலாம். நாறும்பூ இழுத்திருக்கலாம்.
சாவியைத் தொலைத்த தேவசகாயம் இழுத்திருக்கலாம்.
முதுகு சொறிய வந்த எருமைகூட,
கொம்பு மாட்டியிருந்தால்.
‘நிரூபிக்கவில்லை’ என்ற ஒரே சொல் மிச்சம்.
மெலிந்த சொல். சட்டத்துக்குப் போதும்,
எனக்கு அரைவயிறு.

மாசானம் பீடியைக் கல்லில் தேய்த்து அணைத்தார்.
“அப்பம் நாந் தொறந்தேங்கியளா, தொறக்கலேங்கியளா?”
“உமக்குத்தானே தெரியும்.”
“எனக்குத் தெரியும்லா.
ஒங்களுக்கு எது வேணும்னு கேக்கேன்.”

பலகைக்கு அடியில்
தண்ணீர் யாரையும் கேட்காமல் கசிந்து
வாழைப் பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

கடைசி பஸ்.
படியேறும்போது கண்டக்டர் குனிந்து பார்த்தார்:
கணுக்கால்வரை, கருப்பாய், பிசானச் சேறு.
கழுவியிருக்கலாம்.
கழுவிய காலையும் ஒருவன் கூண்டில் ஏற்றுவான்,
குற்றமில்லாதவள் ஏன் கழுவுகிறாள் என்று.
“எங்க போயிட்டு வாறிய, வக்கீலம்மா?”

“சேரன்மாதேவி ஒண்ணு” என்றேன்.