ஆள்காட்டி

ராம்னி சதுப்பு. ஏப்ரல். எதிர்காற்று.
மாட்டின் குளம்படிப் பள்ளத்தில் நான்கு முட்டைகள்,
கூர்முனைகள் உள்நோக்கி.

மின்வேலி போடலாம் என்றாள் ஹெட்டி.
வேலிதான் நரிக்கு விலாசம் என்றார் டெஸ்மண்ட்.
சுடுவதைப் பற்றி
முதலில் யாரும் பேசவில்லை,
பிறகு
வேறெதையும் பேசவில்லை.
பிளாஸ்க்கில் தேநீர் ஆறிப்போனது.

தலைக்கு மேலே கொண்டைப் பறவை
கத்திக் கத்திக் கரணமடித்தது.
இதன் உறவுக்காரிக்கு எங்கள் மொழியில்
ஆள்காட்டி என்று பெயர் என்றேன்,
ஆள் வந்தால் ஊருக்கே சொல்லிவிடும்.
ஹெட்டி எழுத்துக்கூட்டிக் குறித்துக்கொண்டாள்.

மறு வியாழன் பள்ளம் வெறுமை.
நரி என்றார் ஒருவர். காக்கை என்றாள் ஒருத்தி.
வானத்தில் சத்தமே இல்லை.

காய்ந்த சேற்றில்
கூடு வரைக்கும்
நேர்கோடாய்
மூன்று ஜோடி பூட்ஸ் தடம்.
நடுவில் இருப்பது
என்னுடையது.